உரிமையியல் வழக்குச் சொற்கள்

நிலம், வீடு, கடன், பாகம், ஒப்பந்தம் போன்ற உரிமைகளைப் பற்றிய வழக்குகளில் நீதிமன்றமும் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் கையாளும் சொற்கள் உரிமையியல் வழக்குச் சொற்கள் எனப்படும். இந்தியாவில் இவ்வழக்குகள் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின்படி நடக்கின்றன. 158 பிரிவுகளும், முதல் அட்டவணையில் 51 கட்டளைகளுமாக இயற்றப்பட்ட இச்சட்டம் 1909 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நீதிமன்ற வளாகத்தில் இதன் பெயர் சி.பி.சி. இக்கட்டுரை தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழங்கும் சொற்களைப் பற்றியது.

இச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு கெடு இருக்கிறது. பொருள் தெரியாமல் போனால் நஷ்டம் அறிவுக்கு மட்டும் அன்று. 30 நாளோ 3 ஆண்டோ கடந்துபோய், நியாயம் கையில் இருந்தும் வழக்கு போய்விடும்.

ஒரு பொருள், மூன்று பெயர்

தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருப்பது வழக்கம். நவாபு, கும்பெனி காலங்களில் வந்து தங்கிய அரபு, பாரசீகச் சொற்கள் முதல் அடுக்கு: வக்கீல், வக்காலத்து, தாவா, பிராது, வாய்தா, ஜப்தி, அமீனா, நாசர், ராஜி. இரண்டாவது ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள்: ஓ.எஸ்., ஐ.ஏ., இ.பி. மூன்றாவது ஆட்சித்தமிழ்: அசல் வழக்கு, இடைக்கால மனு, நிறைவேற்றுதல் மனு. முதல் அடுக்கைச் சேர்ந்த முன்சீப் என்றால் நியாயம் செய்பவர். அமீனா என்ற பெயரின் வேர் நம்பிக்கைக்குரியவர் என்பது. ஜப்திக்கு வரும் அமீனாவைப் பார்க்கும் கடன்காரருக்கு அந்த வேர்ச்சொல் ஆறுதல் தராது.

கீழமை நீதிமன்றத் தமிழ் நேற்று தொடங்கியதன்று. தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, அன்றைய மேல் நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். தமிழின் முதல் நாவலை எழுதியவரும் அவரே. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்குச் சட்டப்படி இடம் தந்தது. உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம்தான்.

வழக்கு தாக்கல்

வழக்குப் போடுபவர் வாதி. யார்மீது போடப்படுகிறதோ அவர் பிரதிவாதி. வாதி தரும் எழுத்து வழக்குரை. பழைய பெயர் பிராது. பிரதிவாதி தரும் பதில் எதிருரை. வழக்கறிஞருக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் தாள் வக்காலத்து. வழக்குப் போடும் உரிமை எப்போது, எங்கே, எதனால் எழுந்தது என்று வழக்குரையில் சொல்லும் பத்திக்கு வழக்கு மூலம் என்று பெயர். எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் பத்தி இது. ஆனால் எந்த ஊர் நீதிமன்றம், காலக்கெடு எந்த நாளிலிருந்து என்ற இரண்டும் இங்கேதான் முடிவாகின்றன.

வழக்குரையின் கடைசியில் வரும் சொத்து விபரத்தைக் கட்சிக்காரர் தம் கண்ணால் படிக்க வேண்டும். ‘கோயில் நிலத்துக்கும் வடக்கு, வண்டிப்பாதைக்கும் கிழக்கு, ஓடைக்கும் மேற்கு, நத்தத்துக்கும் தெற்கு, இதன் மத்தியில்’ என்று நான்கெல்லை எழுதியிருந்தால், வண்டிப்பாதை சொத்துக்குக் கிழக்கே இருப்பதாகப் பலர் படிக்கிறார்கள். உண்மையில் சொத்துதான் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. பாதை அதன் மேற்கு எல்லை. இதைத் திருப்பி எழுதிவிட்டால் வழக்குக்குரிய சொத்தே, அதாவது தாவா சொத்தே, வேறு இடத்துக்குப் போய்விடும்; பிறகு வழக்குரையைத் திருத்த ஒரு மனு, அதற்கு ஓர் எதிர்ப்பு, அதற்குச் சில வாய்தா.

வழக்கின் மதிப்புக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்குக் கோரும் தொகையில் 7.5 விழுக்காடாக இருந்த இக்கட்டணம் 2017-இல் 3 விழுக்காடானது. கட்ட வசதியற்றவர் 33-ஆம் கட்டளையின்படி ஏழை எனக் காட்டி அனுமதி பெறலாம். இதைப் ‘பாப்பர்’ வழக்கு என்பது பழைய பேச்சு.

அரசின்மீது வழக்கென்றால் 80-ஆம் பிரிவின்படி முன்னதாகவே எழுத்தில் அறிவிப்புத் தந்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசர நிவாரணம் தேவைப்பட்டால் நீதிமன்ற அனுமதியோடு அறிவிப்பின்றியும் தாக்கல் செய்யலாம்.

சம்மனும் எக்ஸ்பார்ட்டியும்

அழைப்பாணை என்னும் சம்மன் பிரதிவாதியிடம் சேர்வதைச் சார்பு செய்தல் என்பர். அன்றிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தர வேண்டும். நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டலாம். 2002-இல் வந்த இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். அவ்வழக்கில் நீதிமன்றம் திருத்தங்களைச் செல்லுமென 2002-இல் ஏற்றது. ஆயினும் விதிவிலக்கான நிலையில் 90 நாளுக்குப் பிறகும் எதிருரையை ஏற்கலாம் என்றது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. விதிவிலக்கு என்ற சொல்லை நம் ஊரில் விதியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

டவாலி பெயர் சொல்லி அழைக்கும்போது பிரதிவாதியும் இல்லை, அவர் வழக்கறிஞரும் இல்லை என்றால் அவர் எக்ஸ்பார்ட்டி ஆக்கப்படலாம். இதில் இரண்டு நிலை உண்டு. வராதவர் எனக் குறித்ததோடு வழக்கு நிற்கிறது என்றால், தக்க காரணம் காட்டித் திரும்பச் சேர்ந்துகொள்ள 9-ஆம் கட்டளை 7-ஆம் விதி. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையே ஆகிவிட்டதென்றால் அதே கட்டளையின் 13-ஆம் விதி. அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்றால் அந்த 30 நாள், தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும். கெடு தாண்டியவர் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். சம்மனை வாங்க மறுத்தால் வழக்கே வராது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. மறுத்ததையே நீதிமன்றம் சார்பானதாகக் கொள்ளலாம்.

எதிராளி இடைக்கால மனு போடக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தவர், தம்மைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று தாக்கல் செய்வது கேவியட். அதன் ஆயுள் 90 நாள்.

‘ஸ்டே வாங்கிட்டான்’

ஊர்ப்பேச்சில் எல்லாத் தடையும் ஸ்டே. சட்டத்தில் இரண்டு. ஒரு நீதிமன்றத்தின் நடவடிக்கையையோ உத்தரவையோ நிறுத்திவைப்பது ஸ்டே; ஓர் ஆளை ஒரு செயலைச் செய்யாதே என்று தடுப்பது உறுத்துக் கட்டளை, அதாவது இன்ஜங்ஷன். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்புவதைத் தடுப்பது உறுத்துக் கட்டளை. எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்வது செயலுறுத்துக் கட்டளை. வழக்கு முடியும்வரை தற்காலிகமாக வேண்டுமென்றால் மூன்றைக் காட்ட வேண்டும்: முதல் பார்வையிலேயே வழக்கில் சாரம் இருக்கிறது, தடை தராவிட்டால் வரும் இடையூறு தந்தால் வருவதைவிடப் பெரிது, பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு நேரும். எதிராளியைக் கேட்காமல் தந்த இடைக்காலத் தடை மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது 39-ஆம் கட்டளை. தடையை மீறினால் சொத்தைப் பற்றுகை, அதாவது ஜப்தி, செய்யலாம். மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

வெறும் தடை மட்டும் கேட்டு வழக்குப் போட்டு, கடைசியில் தோற்கிற வாதிகள் நிறைய. சொத்து யாருடையது என்பதிலேயே உண்மையான தகராறு இருந்தால் ‘இது என் சொத்து என அறிவியுங்கள்’ என்ற விளம்புகைப் பரிகாரமும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியது. பட்டா கையில் இருக்கிறதே என்பது போதாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. உரிமை மூலம் அன்று.

சொத்து வாங்க முன்பணம் தந்தவர், விற்பவர் பின்வாங்கும்போது கேட்பது ஏற்றதை ஆற்றும் பரிகாரம். அதற்கான வழக்குரையில் ‘தயாராகவும் விருப்பமாகவும்’ என்ற இரு சொற்கள் தவறாமல் வரும். அலங்காரமாகத் தோன்றினாலும் இவை இரண்டும் வேறு: தயார் என்பது கையில் பணவசதி, விருப்பம் என்பது நடத்தையில் தெரியும் மனம். இரண்டையும் நிரூபிக்காத வாதிக்குக் கிரயப் பத்திரம் கிடைக்காது.

பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பாணை இரண்டு முறை வரும். யாருக்கு எத்தனை பங்கு என்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. வழக்கறிஞர் ஆணையர் நேரில் அளந்து, எந்தப் பங்கு எந்தப் பக்கம் என்று பிரித்தபின் வருவது இறுதித் தீர்ப்பாணை. முதலாவதோடு வழக்கு முடிந்ததாக எண்ணி வீடு திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

கெடுச் சொற்கள்

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒவ்வொரு வழக்குக்கும் கெடு வைத்திருக்கிறது. புரோநோட்டுக் கடனுக்கு 3 ஆண்டு. கெடு முடியும் முன் கடன்காரர் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்புறம் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிய 3 ஆண்டு. எழுத்தும் கையெழுத்தும் கடன் கொடுத்தவருடையவை என்றால் அந்த வரவு கெடுவை நீட்டாது. நோட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் குறுக்கு விசாரணை அதிகம் நடப்பது இதனால்தான்.

நிலத்தின் சுவாதீனம் கோர 12 ஆண்டு. இதன் மறுபக்கம்தான் எதிரிடை அனுபவம்: உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம், அரசு நிலத்தில் 30 ஆண்டு. ‘பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு நமக்கு’ என்று வாடகைக்காரர்கள் பேசுவது தவறு. அனுமதியோடு இருப்பவரின் அனுபவம் எத்தனை ஆண்டானாலும் எதிரிடை ஆகாது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது தாவா சொத்தை வாங்கினால் கிரயம் அதனாலேயே செல்லாமல் போவதில்லை. ஆனால் வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். அதே கட்சிகளுக்கிடையே ஒருமுறை விசாரித்து முடித்த விஷயத்தை மறுபடி வழக்காக்க முடியாது என்பது முன்தீர்ப்புத் தடை, 11-ஆம் பிரிவு.

சாட்சியம்

இரு தரப்பும் எதில் மாறுபடுகின்றன என்று நீதிபதி வகுத்துக்கொள்ளும் கேள்விகள் எழுவினாக்கள். முதல் விசாரணை இப்போது பெரும்பாலும் நிரூபண வாக்குமூலமாகத் தாளில் வருகிறது; கூண்டில் நடப்பது குறுக்கு விசாரணைதான். வாதியின் ஆவணங்களுக்கு ஏ-1, ஏ-2 எனவும் பிரதிவாதியின் ஆவணங்களுக்கு பி-1, பி-2 எனவும் குறியீடு. ஆணையர் அறிக்கை சி வரிசையில் வரும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; இரண்டில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல்.

இடையிலேயே சமாதானமானால் ராஜி. மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடிந்தால் அந்தத் தீர்வு தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

தீர்ப்புக்குப் பின்

காரணங்களோடு நீதிபதி எழுதுவது தீர்ப்பு. அதிலிருந்து யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் எடுத்து முறைப்படி வரைவது தீர்ப்பாணை, அதாவது டிகிரி. நிறைவேற்றப்படுவது இரண்டாவதுதான். டிகிரி கிடைத்த பிறகே இந்தியாவில் வழக்காடியின் தொல்லை தொடங்குகிறது என்ற பொருளில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1872-இலேயே எழுதியது. இன்றைக்கும் மாற்றிச் சொல்லக் காரணமில்லை.

நிறைவேற்றுதல் மனுவுக்குக் கெடு பொதுவாக 12 ஆண்டு. செயலுறுத்துக் கட்டளைக்கு 3 ஆண்டு மட்டும். நிரந்தரத் தடையை அமல்படுத்தக் கெடுவே இல்லை. ஜப்திக்கும் வரம்புகள் உண்டு. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, உழவரின் கருவிகளும் மாடும் விதைத் தானியமும், சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றைத் தொட முடியாது. தாலி இந்தக் கடைசி வகையில் அடங்கும். சூரியன் மறைந்தபின் உதிக்கும்வரை ஜப்திக்காகக் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பண டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவும் முடியாது. கையில் வசதி இருந்தும் கட்ட மறுப்பவரைத்தான் சிறைக்கு அனுப்பலாம், இல்லாதவரை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் கூறியது.

தீர்ப்பில் குறை காண்பவர் மேல் நீதிமன்றத்துக்குப் போவது மேல்முறையீடு. அதே நீதிமன்றத்திடம் மறுபடி பாருங்கள் என்பது மறுஆய்வு. மேல்முறையீடு இல்லாத உத்தரவை உயர் நீதிமன்றம் சரிபார்ப்பது சீராய்வு. செய்தித்தாள்கள் பின்னிரண்டையும் கலந்து எழுதுவதால் வாசகர் குழம்புகிறார். முதல் மேல்முறையீட்டில் நிகழ்வும் சட்டமும் இரண்டும் பேசலாம்; இரண்டாம் மேல்முறையீடு முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. மேல்முறையீடு போட்டதாலேயே டிகிரி நிற்காது. அதற்குத் தனியாக ஸ்டே கேட்க வேண்டும்.

மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சான்றிட்ட நகல் பெறத் தேவைப்பட்ட நாட்கள் இக்கணக்கில் சேரா. நகலின் பின்புறம் நகல் மனு போட்ட தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் முத்திரையில் வரிசையாக இருக்கும். கெடுவை அந்த முத்திரையைப் பார்த்தே எண்ணுங்கள்.