ஓப்பன் சோர்ஸ்னா ஓசியா? நம்ம கோயில் கம்ப்யூட்டர் படிச்சுக் கொடுத்த வரலாறு



 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன கூட்டத்துல கணக்கு வாசிச்சப்போ "கம்ப்யூட்டர் பராமரிப்பு, 600 வெள்ளி"ன்னு ஒரு வரி வந்துச்சு. உடனே ரெண்டு மூணு பேர் கேட்டாங்க: "அது ஓப்பன் சோர்ஸ்தானே? ஓசியிலதானே கிடைக்குது? பிறகு எதுக்கு 600 வெள்ளி?"

கேட்டவங்க மேல தப்பு இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியை நாங்களே கேட்டோம். அதுக்கு நாங்க கொடுத்த விலையையும் இங்கே மறைக்காம சொல்லணும்.

அப்போ ஒரு அன்பர் பழைய லேப்டாப் ஒண்ணு கோயிலுக்குக் கொடுத்தார். திறக்கவே கால் மணி நேரம் ஆகும். நம்ம தோட்டத்துல பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, அவங்க அம்மா இருபது வருஷத்துக்கு மேல இங்கே கொழுந்து பறிச்சவங்க, ஈப்போவுல இருந்து நாலு ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்தார். அதுல லினக்ஸ் போட்டார். கணக்குக்கும் கடிதத்துக்கும் லிப்ரே ஆபிஸ் போட்டார். தமிழ்ல தட்டச்சு செய்ய வழி பண்ணார். உபயகாரர் பட்டியல், ரசீது எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தினார். கடைசி நாள் தயங்கித் தயங்கி, "ஒரு 300 வெள்ளி கிடைக்குமா, அண்ணே?"ன்னு கேட்டார்.

நாங்க என்ன சொன்னோம்? "சாமி காரியம் தம்பி. அதோட, இதெல்லாம் ஃப்ரீ சாப்ட்வேர்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் ஒண்ணும் பேசல. திருநீறு பூசிக்கிட்டு கிளம்பிட்டார்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது லேப்டாப் படுத்துடுச்சு. அவரைக் கூப்பிட எங்களுக்கு முகம் இல்ல. ஞாபகத்துல இருந்தவரைக்கும் கையால பட்டியல் எழுதினோம். ரெண்டு பேர் விட்டுப்போச்சு. அதுல ஒருத்தர், மறைஞ்ச கணவர் பேர்ல வருஷம் தவறாம அன்னதான உபயம் செய்யுற பாட்டி. சன்னதியில பேர் வாசிக்கும்போது அவங்க காத்துக்கிட்டு நின்னதை நாங்க இன்னும் மறக்கல.

அதுக்குப் பிறகுதான் "ஃப்ரீன்னா என்ன?"ன்னு உட்கார்ந்து படிச்சோம். படிச்சதை உங்களோட பகிர்ந்துக்கிறோம்.

குழப்பத்தோட வேர் ஒரு இங்கிலீஷ் வார்த்தையில இருக்கு. அந்த மொழியில "ஃப்ரீ"ன்னா காசு இல்லாததுன்னும் அர்த்தம், கட்டு இல்லாததுன்னும் அர்த்தம். மலேசியாவுல இருக்கிற நமக்கு இது புரியுறது சுலபம். மலாய்ல "பெர்சுமா" வேற, "பெபாஸ்" வேற. கடையில பெர்சுமான்னு எழுதி ஒட்டியிருந்தா காசு வேணாம்னு அர்த்தம். நாடு பெபாஸ் ஆச்சுன்னா விடுதலை ஆச்சுன்னு அர்த்தம். தமிழ்லயும் "இலவச மென்பொருள்" வேற, "கட்டற்ற மென்பொருள்" வேற.

1983 செப்டம்பர்ல, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன் "குனு" என்கிற திட்டத்தை அறிவிச்சார். அவர் கேட்டது இவ்வளவுதான்: மென்பொருள் கையில கிடைச்சவர் அதை எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி ஓடுதுன்னு படிச்சுப் பார்க்கலாம், தேவைக்கு மாத்தலாம், அப்படியேயோ மாத்தியோ அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இந்த நாலு உரிமையில விலை பத்தி ஒரு வார்த்தை கூட கிடையாது.

அவரே 1985 வாக்கில் தன்னோட ஈமேக்ஸ் என்கிற மென்பொருளை டேப்ல பதிஞ்சு, ஒரு டேப் 150 டாலர்னு வித்தார். நெட்வொர்க் வசதி இருந்தவங்க சும்மா எடுத்துக்கிட்டாங்க. இல்லாதவங்க காசு கொடுத்து வரவழைச்சாங்க. வேலையை விட்டுட்டு இந்தத் திட்டத்துல இறங்கினவருக்கு அந்தக் காசு சோறு போட்டுச்சு. கட்டற்ற மென்பொருளுக்கு விதி எழுதினவரே அதை விலைக்கு வித்தவர்தான்.

அடுத்து லினக்ஸ். 1991-ல பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை முதல்ல வெளியிட்டப்போ, இதைக் கொடுக்க யாரும் காசு வாங்கக் கூடாதுன்னு நிபந்தனை போட்டார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்போ லினக்ஸ் ஊர் ஊரா பரவினது பிளாப்பி தட்டுலதான். தட்டு வாங்க, நகல் எடுக்க, தபால்ல அனுப்ப செலவு உண்டு. நகல் எடுத்துக் கொடுக்க ஆள் தயார், செலவுக் காசு வாங்கத்தான் உரிமம் விடல. 1992-ல அவர் அந்த நிபந்தனையை எடுத்துட்டு, ஸ்டால்மன் உருவாக்கிய குனு பொது உரிமத்துக்கு மாறினார். அந்த உரிமம் விக்கிறதைத் தடுக்காது. ஒண்ணே ஒண்ணு கேட்கும்: யாருக்குக் கொடுத்தாலும் மூல நிரலையும் கொடு, அவர் அதை மத்தவங்களுக்குக் கொடுக்கிறதைத் தடுக்காதே.

"ஓப்பன் சோர்ஸ்" என்கிற பேர் பிறந்தது 1998 பிப்ரவரியில. கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற பெண்மணி கொடுத்த பேர் அது. "ஃப்ரீ"ன்னு சொன்னாலே ஜனங்க இலவசம்னு நினைச்சுக்கிறாங்க என்பதுதான் புதுப் பேர் தேடினதுக்கு ஒரு முக்கியக் காரணம். 27 வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம கூட்டத்துல அதே குழப்பம்!

இன்னொரு உதாரணம். ரெட் ஹாட் என்கிற கம்பெனி லினக்ஸை வச்சே 2012-ல முடிஞ்ச நிதியாண்டுல 100 கோடி டாலருக்கு மேல வருமானம் பார்த்துச்சு. 2019-ல ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்குச்சு. அவங்க மூல நிரலை வெளியே கொடுத்ததால, அதே நிரலை எடுத்து சென்ட் ஓ.எஸ். என்கிற பேர்ல 2004 முதல் சும்மாவே கொடுத்தாங்க. அப்புறம் ஏன் ஜனங்க ரெட் ஹாட்டுக்குக் காசு கட்டினாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா போன் எடுக்க ஒரு ஆள் வேணும். கட்டணம் அந்த ஆளுக்கு.

நம்ம பக்கம் வருவோம். தமிழைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினதுல மலேசியத் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985-லேயே இங்கே முரசு மென்பொருள் வேலையைத் தொடங்கினார். முரசு அஞ்சல் வழியா உலகம் பூரா தமிழர்கள் இணையத்துல தமிழ்ல எழுதிக்கிட்டாங்க. 2005 பொங்கலுக்கு சிங்கப்பூர்ல அறிமுகமான அவரோட செல்லினம் இன்னைக்கு நம்மள்ல பலர் கைபேசியில இருக்கு. காசு கேட்கல. ஆனா அது ஓப்பன் சோர்ஸ் கிடையாது. அதுல தப்பும் இல்ல, அது செஞ்சவரோட தீர்மானம். இலவசமா கிடைக்கிறதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் இல்லன்னு இதுல தெரியுது.

இ-கலப்பை கதை இதுக்கு மறுபக்கம். தமிழா! என்கிற தன்னார்வக் குழு அதை இலவசமாத்தான் கொடுத்துச்சு. ஆனா முதல் பதிப்புகள் கீமேன் என்கிற ஆஸ்திரேலிய மென்பொருளோட இயந்திரத்து மேல ஓடுச்சு. கீமேன் அப்போ விலைக்கு விக்கிற, மூடின மென்பொருள். கலப்பை நம்மளுது, இழுக்கிற மாடு இரவல். பிறகு அந்த இயந்திரத்தைக் கழட்டிட்டு, சொந்தமா எழுதி, குனு பொது உரிமத்துல வெளியிட்டாங்க. அந்த கீமேனையும் பின்னாடி எஸ்.ஐ.எல். என்கிற மொழி அமைப்பு எடுத்துக்கிட்டு, 2018-ல ஓப்பன் சோர்ஸா, இலவசமா வெளியிட்டுச்சு. மூடினதும் திறந்ததும், விலைக்கு இருந்ததும் இலவசமானதும் இந்த ஒரே கதைக்குள்ள இருக்கு.

சரி, திறந்ததாகவும் இருந்து யாருமே காசு கொடுக்கலன்னா என்ன ஆகும்? 2014 ஏப்ரல்ல உலகம் அதையும் பார்த்துச்சு. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற மென்பொருள் இணையத்துல நம்ம ரகசியச் சொல்லைக் காப்பாத்துற பூட்டு மாதிரி. பெரிய பெரிய கம்பெனிங்க எல்லாம் அதைப் பயன்படுத்தினாங்க. "ஹார்ட்பிளீட்"னு ஒரு பெரிய ஓட்டை அதுல வெளிப்பட்டுச்சு. விசாரிச்சா, அதைப் பராமரிச்சது விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர். வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதுக்குப் பிறகுதான் பெரிய கம்பெனிங்க கூடிப் பணம் போட ஆரம்பிச்சாங்க.

நம்ம அரசாங்கம் இதை முன்கூட்டியே யோசிச்சது. 2004-ல பொதுத்துறைக்கு ஓப்பன் சோர்ஸ் பெருந்திட்டம் கொண்டுவந்தப்போ, மம்பு அதுக்காகவே ஒரு திறன் மையத்தையும் வச்சது. மென்பொருளுக்கு உரிமக் காசு மிச்சமானாலும், சொல்லிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேணும்.

இதையெல்லாம் படிச்சப்போ, நம்ம கோயில்லயே பதில் இருந்தது தெரிஞ்சது. பஞ்சாமிர்தப் பக்குவத்தை நம்ம மடப்பள்ளியில யாருக்கும் மறைக்கிறதில்ல. யார் வேணும்னாலும் கத்துக்கலாம், வீட்டுல செய்யலாம், ஏலக்காய் கூட்டலாம், செஞ்சு விக்கவும் செய்யலாம். ஆனா பழம், வெல்லம், நெய், தேன் காசு கொடுத்துத்தான் வருது. அன்னதானம் சாப்பிடுறவருக்கு இலவசம். அரிசி மூட்டைக்கு உபயகாரர் கொடுத்திருக்கார், சமைச்சவருக்கு நிர்வாகம் கொடுத்திருக்கு.

நம்ம முன்னோர்கள் இந்த மலையில தேயிலை வச்சு கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகுது. போ தோட்டம் தொடங்கினது 1929-ல. எடை போட்ட கொழுந்துக்குத்தான் கூலின்னு வாழ்ந்த குடும்பங்கள் நாம. தராசுல கொஞ்சம் குறைச்சா எப்படி வலிக்கும்னு நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு தாயோட பிள்ளைகிட்ட, நாலு நாள் உழைப்பை எடை போடாமலே வாங்கிக்கிட்டோம். அதுக்கு சாமி பேரையும் சொன்னோம். இதுதான் எங்க மனசுல தைச்சது.

அந்தத் தம்பி தானா முன்வந்து "இது என் உபயம்"னு சொல்லியிருந்தா, அது வேற. இனாமா கொடுக்கிறது கொடுக்கிறவரோட விருப்பம். அதைக் கேட்டு வாங்குற உரிமை நமக்கு இல்ல. லினக்ஸ் எழுதினவங்க கொடுத்த அனுமதியைக் காட்டி, தம்பியோட ஞாயிற்றுக்கிழமைகளை நாம எடுத்துக்க முடியாது.

போன வருஷம் நாங்க நாலு பேர் ஈப்போவுக்கு இறங்கி, அவர் வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டோம். அவங்க அம்மாதான் கதவு திறந்தாங்க. பசியாறிட்டுத்தான் போகணும்னு உட்கார வச்சுட்டாங்க. பழைய 300 வெள்ளியைத் தட்டுல வச்சுக் கொடுத்தோம். அவர் அதுல 101 வெள்ளியை உண்டியலுக்குன்னு திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கிட்டோம், ஏன்னா அது அவர் காசு.

இப்போ ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை வர்றார். ஒரு தடவைக்கு 100 வெள்ளி, வருஷத்துக்கு 600. கணக்குல நீங்க பார்த்த வரி இதுதான். வர்றப்போ படிவம் நான்கு படிக்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க ரெண்டு பேரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிறார். "எல்லாம் திறந்தே இருக்கு. நான் வராட்டியும் இவங்க பார்த்துக்கலாம், வேற யாரும் பார்த்துக்கலாம்"னு சொல்றார். பூட்டின மென்பொருளா இருந்தா அவராலயே இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. ஓப்பன் சோர்ஸால நமக்குக் கிடைச்ச பெரிய லாபம் இதுதான்னு நினைக்கிறோம்.

அந்தப் பாட்டியோட உபயம் இப்போ பட்டியல்ல இருக்கு. அவங்க கணவர் பேரை ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்து சரிபார்த்தாங்க, எழுத்துப் பிழை இல்லாம.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுல சும்மா கிடக்கிற லேப்டாப் இருந்தா கொடுங்க. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைங்க கோயிலுக்கு உதவ வந்தா வரவேற்போம். எண்ணெய்க் காசு, சாப்பாடு, கூலி என்னன்னு முதல்லயே நாங்களே கேட்போம். வேணாம்னு சொன்னா உபயமா பட்டியல்ல எழுதி, சன்னதியில பேர் வாசிப்போம்.

கணக்குல சந்தேகம் இருந்தா ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு மண்டபத்துல கேளுங்க. ரசீது எல்லாம் இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏
ஆலயத் தொண்டர்கள், கேமரன் மலை