நண்டு சிப்பும் மஞ்சள் கேள்விக்குறியும்

விண்டோஸ் எக்ஸ்பியை மறுபடி போட்டவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். எல்லாம் முடிஞ்சு திரை பளிச்சுன்னு வரும், சத்தம் மட்டும் வராது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தா 'மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர்'னு ஒரு வரி, பக்கத்துல மஞ்சள் கேள்விக்குறி. மதர்போர்டு சிடி எங்கேன்னு கேட்டா வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க :-) எங்க சொந்தக்காரங்க வட்டத்துல இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. அதனால இந்தக் கேள்விக்குறியோட பூர்வீகத்தைக் கொஞ்சம் நோண்டினேன்.

1981ல் வந்த ஐபிஎம் பிசியில பீப்னு கத்துற சின்ன ஸ்பீக்கர்தான். 1987ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் கார்டு வந்தது. உள்ளே யமஹா சிப். 1989ல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டு வந்துச்சு. ஆட்லிப்புக்கு எழுதின விளையாட்டும் அதுல ஓடும், பேச்சு, வெடிச்சத்தம் மாதிரி பதிவு செஞ்ச ஒலியும் வரும். சந்தை முழுசா அந்தப் பக்கம் சாய, 1992ல் ஆட்லிப் திவால்.

டாஸ் காலத்துல ஒவ்வொரு விளையாட்டும் தன் டிரைவரைத் தானே சுமந்துகிட்டு வரும். 'போர்ட் 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1'னு நாமதான் பதில் சொல்லணும். தலைவலிதான். ஆனா ஒரு நிம்மதி: கார்டைக் காசு குடுத்துத் தனியா வாங்கினதால அதோட பேர் நமக்குத் தெரியும்.

அந்தப் பேரைத் தொலைச்சது 1997ல் இன்டெல் வகுத்த ஏசி'97. யோசனை என்னவோ அருமையானதுதான். கணக்குப் போடுற டிஜிட்டல் பாதி மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளே போயிடும். ஒலியை மின்னலையா மாத்துற அனலாக் பாதி, கோடெக்னு ஒரு சின்ன சிப்பா, இரைச்சல்லருந்து தள்ளி, ஸ்பீக்கர் குத்துற ஓட்டைக்குப் பக்கத்துல உட்காரும். நடுவுல ஐந்தே கம்பி. கலக்குற வேலையெல்லாம் பிராசசர் தலையில. ரிச்சி தெருவுல அசெம்பிள் பண்ணினவங்களுக்குத் தனி சவுண்ட் கார்டு செலவு மிச்சம். கொட்டேஷன்ல 'ஆன்போர்டு சவுண்டு'ன்னு ஒத்தை வரி.

அந்த ஒத்தை வரிக்குள்ளே மூணு பேர் இருந்தாங்க. சிப்செட் இன்டெல்லோ வியாவோ. கோடெக் ரியல்டெக், அனலாக் டிவைசஸ், சிக்மாடெல், சி-மீடியா, இவங்கள்ல யாரோ. போர்டு செஞ்சவர் வேற ஒருத்தர். அட்டைப்பெட்டியில இருந்தது அவர் பேர் மட்டும்தான். 'ஏசி'97 டிரைவர்'னு தேடினா ஊர்ப்பட்டது வரும். ஏன்னா ஏசி'97ங்கறது ஒரு விதிமுறையோட பேர், பொருளோட பேர் கிடையாது. பஸ் டிக்கெட் எடுக்கப் போய் 'தமிழ்நாட்டுக்கு ஒண்ணு'ன்னு கேட்ட மாதிரி.

கேள்விக்குறிக்குப் பின்னால ஒரு எண் இருக்கு, அது பொய் சொல்லாது. 8086னா இன்டெல் (தன் பழைய பிராசசர் எண்ணையே அடையாளமா வாங்கிக்கிட்ட குறும்பு!), 1106னா வியா. ஆனா ஏசி'97ல இது சிப்செட் வரைக்கும்தான் காட்டும். கோடெக் யாருன்னு தெரிய பெரும்பாலும் கேபினெட்டைக் கழட்டி, 48 கால் வச்ச சதுர சிப்பை டார்ச் அடிச்சுப் பார்க்கணும். மேலே நண்டு படம் இருந்தா ரியல்டெக்.

2004ல் இன்டெல் ஹை டெஃபனிஷன் ஆடியோன்னு அடுத்த முறையைக் கொண்டு வந்தது. இதுல கோடெக் எண்ணும் வெளியே தெரியும். 10ஈசி-ன்னு இருந்தா ரியல்டெக், கூடவே 0888னு இருந்தா ஏஎல்சி888. ஆனா எக்ஸ்பி 2001ல் வந்த ஆள், இந்த முறையே அதுக்குத் தெரியாது. முதல்ல மைக்ரோசாஃப்டின் 888111 என்கிற ஒட்டு, அப்புறம்தான் ரியல்டெக் டிரைவர். வரிசை மாறினா திரும்ப அதே மஞ்சள்.

நமக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிச்சல். திரையைக் காதால படிக்கிற பார்வையற்றவருக்கு அப்படி இல்லை. டிரைவர் போட்டாத்தான் சத்தம் வரும். சத்தம் வந்தாத்தான் அவர் டிரைவர் போட முடியும். வெளியே பூட்டிட்டு சாவியை உள்ளே வச்ச கதை. பார்க்கிற ஒருத்தர் வந்து உட்கார்ற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. கார்டு விலையைக் குறைச்ச கணக்குல இந்தச் செலவை யாரும் எழுதினதாத் தெரியலை. 2007ல் கடைக்கு வந்த விஸ்டாவை எல்லாரும் திட்டினோம். நான் ஒரு விஷயத்துக்கு மட்டும் திட்ட மாட்டேன்: ஹை டெஃபனிஷன் ஆடியோவுக்கான பொது டிரைவர் அதுக்குள்ளேயே இருந்தது. சிடி இல்லாமலே பெரும்பாலும் ஏதோ ஒரு சத்தம் வந்துடும், மேற்கொண்டு போறதுக்கு அது போதும்.

லினக்ஸ் வேற வழியில போச்சு. யாரோஸ்லாவ் கிசெலா 1998ல் தொடங்கின அல்சா, 2003 டிசம்பர்ல வந்த 2.6 கெர்னல்ல பழைய ஓஎஸ்எஸ் இடத்தைப் பிடிச்சது. எந்த ஓட்டை கோடெக்கின் எந்தக் காலோட சேருதுன்னு பயாஸ் சொல்லணும். பல போர்டுல அது தப்பாச் சொல்லும். அதனால எந்த மாடலுக்கு என்ன திருத்தம்னு கெர்னலுக்குள்ளே ஒரு நீண்ட பட்டியலே இருக்கு. புது லேப்டாப்கள் அதுல இன்னிக்கும் சேர்ந்துகிட்டே இருக்கு.

பழைய பெட்டியை யாருக்காவது குடுக்கிறதா இருந்தா, அந்த எண்ணையும் சிப் பேரையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி கேபினெட் உள்பக்கம் ஒட்டிக் குடுங்க.