தண்ணீரில் கோடு கிழிக்க முடியுமா?

உங்களுக்கு ஒரு ஏரி சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். முழு ஏரி இல்லை. கரையில் ஒரு வீடு. வீட்டை ஒட்டி, தண்ணீருக்கு அடியில் கொஞ்சம் தரை. பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் பக்கா. மிச்சத் தரை அடுத்த வீட்டுக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். நாலு தடவை துடுப்புப் போட்டிருப்பீர்கள், கரையிலிருந்து ஒரு குரல்: "ஸார், அங்கேயே நில்லுங்க! இதுக்கு மேல என் எல்லை."

எங்கே எல்லை? தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள். மீன்தான் தெரிகிறது.

சிரிக்காதீர்கள். கிட்டத்தட்ட இப்படி ஒரு சண்டை அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஏரியின் பெயர் லேக் ஜூரிக். ஸ்விட்சர்லாந்து என்று நினைத்துவிட வேண்டாம். சிகாகோவுக்கு வடமேற்கே இருக்கிறது. ஒரிஜினல் பெயர் ஸீடார் ஏரி. 19-ம் நூற்றாண்டில் அங்கே வந்து குடியேறிய செத் பெயின் என்பவர் ஆசையாக வைத்த பெயர்தான் ஜூரிக். இது தனியார் ஏரி. அடித்தரையில் பெரும்பகுதி அங்குள்ள வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின் கையில். கொஞ்சம் இன்னொரு தரப்பிடம். "உன் தரைக்கு மேலே உள்ள தண்ணீரோடு நிறுத்திக்கொள். எங்கள் பக்கம் வராதே" என்றது சங்கம். "ஏரி என்ன வயலா, வரப்பு போட?" என்றது எதிர்த்தரப்பு.

நீதிபதிகளின் மேஜையில் இரண்டு பழைய கொள்கைகள் இருந்தன. ஒன்று இங்கிலாந்து வழி வந்தது. தரை யாருடையதோ, அதற்கு மேலே உள்ள தண்ணீரும் அவருடையதே. அந்நியன் நுழைந்தால் அத்துமீறல். இன்னொன்று ரோமானியச் சட்ட மரபு. தரையைப் பிரிக்கலாம், மேலே உள்ள தண்ணீர் எல்லா உரிமையாளர்களுக்கும் பொது.

1988-ல் தீர்ப்பு வந்தது. ரோம் ஜெயித்தது! அடித்தரையில் ஒரு பங்கு வைத்திருப்பவர், முழு ஏரியின் மேற்பரப்பையும் பயன்படுத்தலாம். அவரிடம் அனுமதி பெற்று வருகிறவர்களுக்கும் அதே உரிமை உண்டு.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கம்பெனியில் உங்களுக்கு 15 சதவீதப் பங்கு இருந்தால், ஆபீஸில் 15 சதவீத நாற்காலிகளை மட்டும் பிரித்துக் கொடுப்பார்களா என்ன? கம்பெனி மொத்தத்திலும் உங்களுக்குப் பங்கு. ஏரியும் அப்படித்தான்.

ஆனால், தீர்ப்பின் வால் பகுதிதான் முக்கியம். உங்கள் உபயோகம் நியாயமானதாக இருக்க வேண்டும். மற்ற பங்காளிகளின் நியாயமான உபயோகத்தைக் கெடுக்கக்கூடாது. அதாவது படகு விடும் உரிமை உண்டு. அடுத்தவர் நிம்மதியைக் கெடுக்கும் உரிமை இல்லை.

படகு விதிகள் எல்லாமே இந்த ஒற்றை வரியின் குட்டிகள்தான். பக்கத்து மாநிலமான விஸ்கான்ஸினில், ஏரிக்கரையிலிருந்து 100 அடிக்குள் மோட்டார் படகு அலை எழுப்பாத வேகத்தில்தான் போக வேண்டும். ஏன்? நீங்கள் ஜாலியாகக் கிளப்பிய அலை உங்களோடு நிற்காது. அடுத்தவன் வீட்டுக் கரையைப் போய் அரிக்கும். அலைக்குப் பட்டா படிக்கத் தெரியாது, பாருங்கள்.

சரி, இதெல்லாம் பங்காளிகளுக்குள் நடக்கும் விவகாரம். தனியார் ஏரிக்கரையில் ஒரு அடி நிலம்கூட இல்லாத பொதுஜனத்துக்கு? லேக் ஜூரிக் தீர்ப்பு அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவர்களுக்கான தீர்ப்பு அதே இல்லினாய் சம்பந்தப்பட்ட வழக்கில், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

1869-ல் இல்லினாய் சட்டமன்றம் ஒரு காரியம் செய்தது. சிகாகோ நகரை ஒட்டி, மிச்சிகன் ஏரியின் அடித்தரையில் சுமார் 1,000 ஏக்கரை, இல்லினாய் சென்ட்ரல் என்ற ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. கப்பல்கள் வந்து போகிற துறைமுகம் ஐயா அது! நாலே வருடத்தில் சட்டமன்றத்துக்கு ஞானம் பிறந்தது. 1873-ல் பழைய சட்டத்தை ரத்து செய்தது. கம்பெனி விடுமா? விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் மயிரிழையில் தீர்ப்புச் சொன்னது. மக்கள் படகு விடவும், வியாபாரம் செய்யவும், மீன் பிடிக்கவும் இப்படிப்பட்ட பெரிய ஏரியின் தரையை அரசாங்கம் டிரஸ்டி மாதிரிதான் வைத்திருக்கிறது. டிரஸ்டி சொத்தைப் பாதுகாக்கலாம். மொத்தமாகத் தூக்கி ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட முடியாது.

அந்த ஒரு ஓட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்? அமெரிக்காவுக்கு மட்டுமல்ல, நமக்கும் நஷ்டம். எப்படி என்கிறீர்களா?

104 வருடம் கழித்து, 1996 டிசம்பரில், நம் உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மணாலிக்குப் பக்கத்தில் பியாஸ் நதிக்கரையில் ஒரு விடுதி. வெள்ளத்திலிருந்து தப்பிக்க, நதியின் போக்கையே திருப்பிவிடும் வேலையில் இறங்கியிருந்தார்கள். கையில் அரசாங்கம் கொடுத்த குத்தகைப் பத்திரம்! நீதிமன்றம் குத்தகையை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில், 1892-ன் சிகாகோ வழக்கை விரிவாக எடுத்துக்காட்டி, இந்தக் கொள்கை இந்தியாவிலும் செல்லும் என்று சொன்னது. அன்றிலிருந்து நம் ஊர் ஏரி, குளம், ஆறு பற்றிய வழக்குகளில் அது ஒரு ஆயுதம்.

ஆக, சின்ன ஏரியில் பங்காளி ஆக்கிரமிக்கக்கூடாது. பெரிய ஏரியில் அரசாங்கமே தாரை வார்க்கக்கூடாது. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான்: தரைக்குப் பத்திரம் எழுதலாம், தண்ணீருக்கு வேலி போட முடியாது.

அடுத்த முறை ஏரியை ஒட்டி 'லேக் வியூ' மனை விற்க யாராவது வந்தால், பத்திரத்தைப் பாருங்கள். ஏரி எங்கே முடிகிறது, மனை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் விலையைக் குறைத்தால்... ஜாக்கிரதை!