துளையின் அளவு

2010ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் நண்பகல் கடந்த வேளையில், கோவில்பட்டிக் கரிசல் பூமியின்மேல் கங்கணச் சூரிய கிரகணம் கடந்து சென்றது. அதைக் காண வானத்தை நோக்கவும் வேண்டுவதில்லை. வேப்பமரத்தடி நிழலை நோக்கினாலே போதும். இலைகளினூடே விழும் ஒளிப்பொட்டுகள் முதலிற் பிறைகளாகவும், உச்சத்தில் வளையங்களாகவும் மண்ணிற் படியும்.

இலையிடுக்கு பிறை வடிவினதன்று. அதன்வழி விழும் ஒளி மட்டும் பிறையாவது ஏன்? அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் நூலொன்றிலேயே இவ்வினா உண்டு. ஆயின், துளையின் அளவையே ஆய்வுப் பொருளாக்கி விடை கண்டவர், கி.பி. 965 அளவில் பஸராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியொரு நூலே அவர் யாத்தார். வட்டத் துளையின் ஒவ்வொரு புள்ளியும் சூரியப் பிறையின் தலைகீழ் உருவொன்றை எதிர்ச்சுவரில் வீழ்த்துகிறது. துளை சிறிதாயின் அவ்வுருக்கள் ஏறத்தாழ ஒன்றன்மேலொன்று பொருந்திப் பிறையாகும். பெரிதாயின் ஒன்றோடொன்று கலந்து, பிறை மறைந்து, வட்டமே எஞ்சும்.

கேமரா என்னுஞ் சொல் அரபியிலிருந்து வந்ததென்றும், அக்கருவியை அவரே கண்டுபிடித்தாரென்றும் சிலர் எழுதுவதுண்டு. அச்சொல் அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்; நிழற்படமோ 19ஆம் நூற்றாண்டின் ஆக்கம். இரவற் பெருமை அப்பேரறிஞருக்கு வேண்டுவதன்று. துளையைப் பெருக்கினால் ஒளி மிகும், உருவின் தெளிவு குன்றும் என்னும் உண்மையை ஆராய்ந்து நிறுவியதே அவருக்குப் போதிய புகழாகும்.

இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் அவ்வுண்மை வேறு கோலத்தில் வாழ்கிறது. 2.8, 4, 5.6, 8, 11, 16 என வரும் எண்கள், லென்சின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெற்றவை. ஆகவே எண் பெருகத் துளை சிறுக்கும். படிக்குப்படி ஒளி பாதியாகும். 50 மில்லிமீட்டர் லென்சில் எண் 2 என்பது 25 மில்லிமீட்டர்த் துளை. 16 என்பதோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. சிறுதுளையில் அருகிருக்கும் செடியும் தொலைவிலுள்ள பனையும் ஒருங்கே தெளியும். அளவுக்கு மேற் சுருக்கினால், துளையின் விளிம்பில் ஒளி சிதறி மீண்டும் தெளிவு கெடும்.

கரிசலைப் படமெடுப்போர்க்கு மற்றொரு சோதனையும் உண்டு. உழுத நிலம் சட்டகத்தை நிறைக்கையில், மண்ணின் கருமையை ஒளிக்குறைவெனக் கருவி பிறழ உணர்கிறது. மிகை ஒளியை வாங்கிக் கரிசலைச் சாம்பலாக்கி, வெடித்த பருத்தியை வெளிறச் செய்துவிடுகிறது. தெளிந்த நண்பகல் வெயிலில், ஒளியுணர்திறன் 100 எனில், துளையெண்ணை 16இலும் நேரத்தை நொடியின் நூற்றிலொரு பங்கிலும் நாமே நிறுத்தினால், கரிசல் கருமையாகவும் பருத்தி வெண்மையாகவும் பதியும். கருவி தானே கூறுவதை அப்படியே ஏற்காது சோதித்தறிவதே இப்னுல் ஹைதம் நடந்து காட்டிய வழியுமாகும்.