நம் வாயிற்புறத்துக் கடற்கரை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்கிறோம்? முதல் நாள் மகாலட்சுமி கோயில். மறுநாள் இந்திய வாயில். அதற்கடுத்த நாள் ஜுஹு மணலில் பேல்பூரி. பிறகு மாதுங்காவில் புடவைக் கடை. அத்துடன் பம்பாய் முடிந்தது என்று தாதரில் வண்டியேற்றி விடுகிறோம். சென்ற கோடையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், தாராவியில் பேருந்து நின்றபோது நடத்துநர் "காலா கில்லா" என்று கூவியதைக் கேட்டு, "கில்லா என்றால் கோட்டையல்லவா? கோட்டை எங்கே?" என்று வினவினார். முப்பது ஆண்டுகளாக அவ்வழியே போய்வரும் நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அன்று அடைந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கோட்டை இருக்கிறது. மித்தி ஆற்றை அடுத்து, வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் இடையே, கருங்கல்லால் எழுந்து நிற்கிறது. ரீவா கோட்டை என்பதும் அதன் பெயரே. பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டப்பெற்றதெனச் சுவரிலுள்ள கல்வெட்டு கூறுகின்றது. அவ்வாண்டின் பொருளை உணர வேண்டுமானால் ஆற்றுக்கு அக்கரையை நோக்க வேண்டும். 1661இல் போர்ச்சுகல் இளவரசி காதரீனின் திருமணச் சீராகப் பம்பாய்த் தீவு ஆங்கில மன்னனுக்குச் சென்றது. 1668இல் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கம்பெனியார் கைக்கு மாறிற்று. ஆனால் எதிர்க்கரையான சாஷ்டித் தீவு போர்த்துக்கீசியரிடமே இருந்தது. 1737இல் மராட்டியர் தாணாவைக் கைப்பற்றினர். 1739இல் சிமாஜி அப்பா வசைக் கோட்டையையும் வென்றார். ஆற்றுக்கு அப்பால் புதியதொரு பேராற்றல் வந்து நிற்பதைக் கண்ட கம்பெனியார் தம் எல்லையைக் காக்க முனைந்த காலம் அது. ஆகவே தாராவி அந்நாளில் ஊரின் நடுவன்று; ஓர் அரசின் எல்லைப்புறம்.

எல்லை என்றே பெயர் கொண்ட ஊரும் நம் அண்டையில் உளது. நாம் சயான் என்றழைப்பதை மராட்டியர் சீவ் என்பர். அச்சொல்லுக்கு எல்லை என்பது பொருள். அங்குள்ள குன்றின்மேல் ஜெரால்டு ஆஞ்சியர் ஆட்சிக் காலத்தில், 1669க்கும் 1677க்கும் இடையே, கோட்டை எழுந்தது. நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். படிகள் ஏறுவதற்கு எளியவை. மாலைக் காற்றுக்கும் குறைவில்லை.

இக்கோட்டைகளுக்கு முன்பே இக்கரைக்கு உரியவர் கோலி மீனவர். 1909ஆம் ஆண்டின் கெஜட்டியர் தாராவியைப் பம்பாயின் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிக்கின்றது. சதுப்பு தூர்ந்தது; மீன் குறைந்தது; தூர்ந்த நிலத்தில் தோல் பதனிட வந்த நெல்லைச் சீமையாரும் பிறரும் குடியேறினர். நம் பாட்டன்மார் நின்ற நிலம் ஒருவருடைய கடலாயிருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நன்று. இன்று தைத் திங்களில் தொண்ணூறடிச் சாலையில் நம் பெண்டிர் பொங்கற்பானை ஏற்றுவதைக் காண அயலாரும் வருகின்றனர்.

இனிக் கடலுக்குள் செல்வோம். இந்திய வாயிலிலிருந்து படகில் ஒரு மணி நேரம் சென்றால் கராபுரித் தீவு. உலகம் அதனை எலிபண்டா என்றழைக்கும். ஆறாம் நூற்றாண்டினது என அறிஞர் பலர் கருதும் இக்குகைக் கோயிலில் நம்மவர் பெரும்பாலோர் மூன்று முகங்கொண்ட சதாசிவத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகின்றனர். அஃது ஏற்புடைத்தன்று. மூன்று ஆள் உயரமுள்ள அத்திருமேனி காணத் தக்கதே. ஆயினும் சுற்றிவர ஆடவல்லான், கங்காதரன், கல்யாணசுந்தரன், அந்தகனை அழித்த மூர்த்தி, கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணன் ஆகிய அனைவரும் இருக்கின்றனர். பெரியபுராணமும் தேவாரமும் கேட்டு வளர்ந்த மூதாட்டியாரை அழைத்துச் சென்று பாருங்கள். வழிகாட்டி தேவையில்லை, அவரே ஒவ்வொன்றாகக் கதை சொல்வார். போர்த்துக்கீசியர் காலத்தில் சிற்பங்கள் பெரிதும் சிதைந்தமை கண்டு அவர் கலங்கவும் கூடும்.

இக்கோயிலைக் குடைவித்தவர் யார் என்பதில் இன்றும் ஒருமித்த முடிவில்லை. கலசூரி மன்னர் காலத்தது என்பார் பலர். ஈண்டிருந்த கல்வெட்டொன்றைப் போர்த்துக்கீசியர் பெயர்த்துத் தம் நாட்டு மன்னருக்கு அனுப்பினர் என்றும், ஆங்கு அதனைப் படிப்பார் எவருமிலர் என்றும் தியோகோ டு கோட்டோ என்னும் அவர்தம் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அக்கல் பின்னர் கிட்டவே இல்லை. ஒரு கல்லைப் பெயர்த்ததால் ஒரு மன்னன் பெயரே மறைந்தது!

தீவுக்குப் பெயர் தந்த கல்யானையின் கதையும் அத்தகையதே. 1864இல் இங்கிலாந்துக்கு ஏற்ற முயன்றபோது அஃது உடைந்து துண்டங்களாயிற்று. 1914இல் ஒட்டி நிறுத்தப்பெற்று, இன்று பைகல்லா ஜிஜாமாதா தோட்டத்தில் அருங்காட்சியகத்தின் அருகே நிற்கிறது. விலங்குகளைக் காணச் செல்லும் பிள்ளைகள் இவ்வானையைக் காணாமலே கடந்து போகின்றனர்.

போரிவலிக் காட்டினுள் உள்ள கன்ஹேரிக்கு ஒரு முழுநாள் வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டு தொடங்கிப் பத்தாம் நூற்றாண்டளவும் புத்தத் துறவியர் குடைந்த குகைகள் நூற்றுக்கு மேல். மழைநீரைப் பாறையிலேயே வாய்க்கால் வெட்டித் தொட்டிகளில் தேக்கிய திறம், குழாயடியில் வரிசை நின்ற நமக்கு நன்கு விளங்கும். 1009இலும் 1021இலும் ஆங்கு வந்த பார்சிகள் தம் பெயர்களைப் பகலவி எழுத்தில் பொறித்துச் சென்றுள்ளனர். சுற்றுலாச் சென்ற இடத்தில் பெயரெழுதும் பழக்கம் அத்துணைத் தொன்மையது! நம் இளைஞர் அதனைப் பின்பற்ற வேண்டா.

வடக்கே நாலாசோபாரா மின்வண்டிகளில் நெரியும் ஊராகவே நமக்குத் தெரியும். அதுவே பண்டைச் சூர்ப்பாரகம். அசோகனின் பாறைச் சாசனத் துணுக்குகள் கிடைத்த இடம். 1882இல் பகவான்லால் இந்திராஜி ஸ்தூபத்தை அகழ்ந்த இடம். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியொருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூலில் இச்சுப்பாராவும் உண்டு. நம் முசிறியும், காவிரிப்பூம்பட்டினம் எனக் கருதப்படும் கமராவும் உண்டு. நாம் இரயிலேறி வருவதற்கு முன்பே இரு கரைகளும் ஒரே கடல்வழி நூலில் இடம்பெற்றிருந்தன.

பறவை விரும்புவோர்க்குத் தாணாக் கழிமுகம். 2015இல் செங்கால்நாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2022இல் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. கார்த்திகை முதல் சித்திரை வரை ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்பு நாரைகள் சேற்றில் மேயும். ஐரோலியில் படகு கிடைக்கும். அவ்வளவு தொலைவு செல்லவியலாதோர்க்குத் தாராவியை அடுத்தே, முன்பு குப்பை கொட்டிய மேட்டில் மரம் வளர்த்து 1994இல் திறந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. நுழைவாயில் பாந்திராச் சாலையை நோக்கியிருக்கும்.

கராபுரிக்குத் திங்கட்கிழமை செல்லற்க. குகை அன்று அடைத்திருக்கும். மழைக்காலத்தில் படகு ஓடுமா என்று முன்கூட்டியே கேட்டறிக. காலா கில்லாவிற்கு நாள் கிழமை பார்க்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறு காலை, குழந்தைகளுடன், பணிமனை எதிரில் ஏழு மணிக்குக் கூடுவோமாக. அந்தப் பெரியவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம்.