பாஸ் லினக்ஸும் மாணவர் நிரலாக்கமும்

பாஸ் லினக்ஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் ஆகும். 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். உலகக் கணினிகளில் இதன் பங்கு மிகச் சிறியது. ஆயினும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர் பலரின் முதல் கணினியில் இது இடம்பெற்றிருந்தது. நிரல் எழுதத் தொடங்க வேண்டிய கருவிகள் அவர்கள் கைக்கு முதலில் வந்தன; தமிழில் வழிகாட்டும் நூல்கள் சற்றுப் பின்னரே வந்தன.

தோற்றம்

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டையும் இணைத்து 1993இல் இயன் மர்டாக் டெபியன் வழங்கலைத் தொடங்கினார். 2005இல் சென்னையில் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் இதில் பங்கேற்றன. இம்முயற்சியின் விளைவாக டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரி 10 அன்று வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதைப் பயன்படுத்தலாம்.

மாணவர்களிடம் வந்த வழி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இம்மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. கணினியை இயக்கும்போது இரண்டில் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கலாம். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதையொட்டி அரசுத் துறைகளும் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது.

நிரலாக்கத்தைத் தொடங்குதல்

டெபியன் வழி வந்த இயங்குதளங்களில் பைத்தான் மொழி பெரும்பாலும் முன்பே நிறுவப்பட்டிருக்கும். சி, சி++ மொழிகளுக்கான ஜிசிசி நிரல்மாற்றியை 'ஆப்ட்' கட்டளையால் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. உரைத்திருத்தியில் நிரலை எழுதிச் சேமித்து, முனையத்தில் கட்டளையிட்டு இயக்க வேண்டும்.

முதல் பயிற்சிக்கான கணக்கைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கலாம். எடுத்துக்காட்டாக, 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்த வேலம்பாளையம் பனியன் தொழில் சார்ந்த பகுதி. அங்கு ஜிஎஸ்எம் என்பது அன்றாடச் சொல். ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடையே அது. இதை அறிய 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு ஒன்றை வெட்டி எடை பார்ப்பர். ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர சென்டிமீட்டர் என்பதால், எடையை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைக்கும். துண்டு 1.8 கிராம் எனில் துணி 180 ஜிஎஸ்எம்.

எடையைக் கேட்பது, பெருக்குவது, விடையைக் காட்டுவது என மூன்று வரிகளில் இந்நிரல் முடியும். பைத்தான் 3இல் விசைப்பலகை உள்ளீடு எழுத்துச் சரமாகவே வரும். அதை எண்ணாக மாற்றாமல் 100ஆல் பெருக்கினால், 1.8 என்பதே நூறு முறை அடுத்தடுத்து அச்சாகும். தரவு வகை என்னும் கருத்தை மாணவர் இங்கேயே புரிந்துகொள்ளலாம்.

பரவாமைக்கான காரணங்கள்

அலுவலகங்களில் பழகிய டேலி போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. பழைய தமிழ் எழுத்துருக்களில் சேமித்த ஆவணங்களும் மாற்றத்துக்குத் தடையாயின. வேலைக்கு விண்டோஸ் தெரிந்தால் போதும் என்ற நிலையில், மாணவர் மற்றொன்றைத் திறந்து பார்க்கத் தனித் தூண்டுதல் வேண்டியிருந்தது.

தமிழில் வழிகாட்டுதல்

2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸ், பைத்தான் முதலியவற்றை எளிய தமிழில் விளக்கி இலவச மின்னூல்களையும் வெளியிட்டது. புதிய பாடத்திட்டத்தில் 2018இல் வந்த 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் சி++ மொழியையும், 2019இல் வந்த 12ஆம் வகுப்பு நூல் பைத்தானையும் கற்பிக்கின்றன.

உபுண்டு, ராஸ்பெரி பை ஆகியவற்றின் இயங்குதளங்களும் டெபியன் வழி வந்தவையே. எனவே பாஸ் லினக்ஸில் பழகிய கட்டளைகளில் பெரும்பாலானவை அவற்றிலும் அப்படியே இயங்கும்.