படச்சுருளும் பதிப்புநெறியும்

பழைய நூலொன்று புதிய பதிப்பாக வெளிவரும்போது கற்றறிந்தோர் முதலில் நோக்குவது முன்னுரையையே. பதிப்பாசிரியர் எத்தனை ஏடுகளைத் தேடிப் பெற்றார், எவற்றை ஒப்பிட்டார், சிதைந்த இடங்களில் யாது செய்தார் என்பனவற்றை அறிந்த பின்னரே அப்பதிப்பை நம்பி ஏற்பர். ஆனால், பழைய திரைப்படமொன்று புதிய தட்டாக வெளிவரும்போது இக்கேள்விகளை எவரும் கேட்பதில்லை. அட்டையில் ‘மிகுதெளிவு’ என்று அச்சிட்டிருந்தால் போதும். பழைய தட்டு குப்பைக்குப் போகிறது, புதியது அலமாரிக்கு வருகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வீடுகள் பலவற்றில் இம்மாற்றம் மூன்று நான்கு முறை நிகழ்ந்துவிட்டது. வீடியோ நாடாவாக வாங்கிய ‘கர்ணன்’ பின்னர் வீசிடியாகவும், அதன்பின் டிவிடியாகவும் வாங்கப்பட்டது. இன்று அதனையே மிகுதெளிவுத் தட்டாகத் தேடுகின்றனர். இம்மாற்றங்களால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்று ஆராய்வது தமிழாசிரியர்க்குப் புறம்பான செயலன்று. தோட்டப்புற மக்களுக்குத் திரைப்படமும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. ‘பராசக்தி’ (1952), ‘மனோகரா’ (1954), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஆகிய படங்களின் உரையாடலைப் பால்மரம் வெட்டும் தொழிலாளர் மனப்பாடமாகச் சொல்வர். எழுத்தறியாதவரும் அடுக்குமொழியின் ஓசையை அறிந்திருந்தமைக்கு இதுவே காரணம். நம் மொழிவரலாற்றின் சான்றுகளுள் ஒன்றாகவே இப்படங்களைக் கருதுதல் வேண்டும்.

அழிந்தவையும் எஞ்சியவையும்

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி நடித்தார். அப்படத்தின் ஒரு படியும் இன்று இல்லை. அதற்கு முன்னர் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்னும் மௌனப் படமும் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களுள் இன்று பார்க்கக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றே எனலாம்.

இவ்வழிவுக்குக் காரணம் மூன்று. அக்காலச் சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை, எளிதில் தீப்பற்றுபவை. 1950களின் தொடக்கத்தில் அவை கைவிடப்பட்டு அசிட்டேட் சுருள்கள் வழக்கிற்கு வந்தன. அவை எளிதில் தீப்பற்றா, ஆயினும் வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் புளிக்காடி நாற்றம் வீசிச் சுருங்கி, முறுகி, அழிகின்றன. நம் நாட்டின் தட்பவெப்பம் அவற்றுக்குப் பகையென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது காரணம் மனிதரே. ஓடி முடிந்த படத்தின் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றனர். படம் ஓடியபின் அதற்கு மதிப்பில்லை என்பதே அன்றைய வணிகரின் எண்ணம்.

இந்தியாவின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல்தான் புணேயில் நிறுவப்பட்டது. பி. கே. நாயர் அதனை வளர்த்தவர். அதற்குள் பேசும்படம் தோன்றி முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. 2003 ஜனவரியில் புணேயில் ஏற்பட்ட தீயில், சேர்த்து வைத்திருந்த நைட்ரேட் சுருள்கள் பலவும் எரிந்தன.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. மலாய்த் திரையுலகின் தொடக்கக் காலத்தில் இந்திய இயக்குநர் பலர் பணியாற்றினர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் ‘பக்தி’ (1950) படத்தில் பி. ரம்லியைக் கதைத்தலைவனாக்கினார். பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ (1957) பெரும் வெற்றி பெற்ற படம். அதன் சுருள்கள் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் அவற்றை ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று திரைப்பட வரலாறு எழுதியோர் கூறுவர். இல்லாத சுருளுக்கு எந்தப் புதிய தட்டும் உயிர் கொடுக்காது என்பதே இதனால் அறியத்தகும் முதற்பாடம்.

நம் பள்ளத்தாக்கிற்குப் படம் வந்த வழி

சென்னையில் ஆக்கிய படிகள் கப்பலேறி இங்கு வந்தன. தணிக்கைக்கு உட்பட்டு நகர அரங்குகளில் ஓடின. கோலாலம்பூரின் கொலீசியம், பிரிக்பீல்ட்ஸ் லீடோ முதலிய அரங்குகளின் பெயர் முதியோர் நினைவில் இன்றும் உண்டு. தோட்டங்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினர். 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் என்னும் அரசுப் படப்பிரிவு தமிழ் விளக்கவுரையுடனும் செய்திப் படங்களை ஆக்கியது. 1963 டிசம்பர் 28இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1978இல் அது வண்ணம் பெற்றது. 1980களில் வீடியோ நாடா வந்தது. 1990களில் வீசிடி வந்தது. மஸ்ஜித் இந்தியா சாலையிலும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தட்டுக் கடைகள் பெருகின. அவற்றுட் பல இன்று துணிக்கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன.

இவ்வழி நெடுகிலும் ஒவ்வொரு படியும் முந்திய படியின் படியே என்பதை மறத்தலாகாது. மூலச் சுருளிலிருந்து அரங்குப் படியும், ஓடித் தேய்ந்த அரங்குப் படியிலிருந்து வீடியோ நாடாவும், அந்நாடாவிலிருந்து வீசிடியும் ஆக்கப்பட்ட படங்கள் மிகுதி. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவரின் பிழை அடுத்த ஏட்டில் ஏறுவது போலவே, கீறலும் வெட்டும் மங்கலும் படிதோறும் பெருகின.

புள்ளிக் கணக்கு

தட்டுகளின் வேற்றுமையைக் கணக்கால் காட்டலாம். நம் நாட்டில் வழங்கிய வீசிடியில் ஒரு படச்சட்டம் 352க்கு 288 புள்ளிகளால் ஆனது. ஏறத்தாழ 1 இலட்சம். டிவிடியில் 720க்கு 576, ஏறத்தாழ 4.1 இலட்சம். 2006இல் வந்த புளூ-ரே தட்டில் 1920க்கு 1080, ஏறத்தாழ 20.7 இலட்சம். 2016இல் வந்த அதன் அடுத்த வகையில் 3840க்கு 2160. ஏறத்தாழ 83 இலட்சம். வீசிடியில் ஒரு தட்டு 74 நிமிடமே கொள்ளும். ஆதலால் மூன்று மணிநேரப் படத்திற்கு மூன்று தட்டு வேண்டியிருந்தது. ஒரே காட்சியின் நடுவில் எழுந்து தட்டு மாற்றியவர்கள் இதனை அறிவர்.

ஆனால், 35 மில்லிமீட்டர் மூலச் சுருள் தன்னகத்தே கொண்டுள்ள நுட்பம் இத்தட்டுகளில் பெரும்பாலானவற்றினும் மிக்கது. ஆகவேதான் 1950களில் எடுத்த படம் 1980களின் வீடியோவில் மங்கலாகவும், இன்றைய தட்டில் தெளிவாகவும் தோன்ற முடிகிறது. தட்டு புதிதாக எதனையும் படைப்பதில்லை. சுருளில் இருந்ததை மறைக்காமல் காட்டுகிறது. பழைய வீடியோ நாடாவையே பெரிதாக்கி மிகுதெளிவுத் தட்டில் பதித்தால் பயன் யாது? பிழைமலிந்த சுவடியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் பிழை பெரிதாகத் தெரியுமேயன்றித் திருந்தாது.

இசையறிந்தோர் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி தழுவிய ‘பால்’ முறையோ நொடிக்கு 25 சட்டம் வேண்டுவது. அம்முறையில் பதித்த நாடாக்களிலும் தட்டுகளிலும் படத்தைச் சிறிது விரைவாக ஓட்டுவது வழக்கம். 180 நிமிடப் படம் 173 நிமிடத்திற்குள் முடிந்துவிடும்; பாட்டின் சுருதியும் சற்றே ஏறும். புளூ-ரேயில் 24 சட்டமே காக்கப்படுகிறது. புதிய தட்டைக் கேட்டுப் ‘பாட்டு இழுக்கிறதே’ என்று கூறுவோர் பலர். பெரும்பாலும் அதுவே பாடகர் பாடிய வேகம்; நம் செவிக்குப் பழகிப்போனது பிழைபட்ட பாடம்.

திருத்தமும் இடைச்செருகலும்

மூன்று மணிநேரப் படத்தில் 2,59,200 சட்டங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக நகலெடுத்து, கீறல் நீக்கி, நிறம் சமன்செய்து, நடுக்கம் தீர்ப்பதே படமீட்பு. இப்பணி நன்கு செய்யப்பட்டமைக்குச் சான்றுகள் உள. உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த ‘கல்பனா’ (1948) 2012இல் இத்தாலியின் பொலோஞா நகரில் மீட்கப்பட்டது. சத்தியஜித் ராயின் அபு முப்படங்களின் மூலச் சுருள்கள் 1993இல் இலண்டன் தீவிபத்தில் கருகின. எஞ்சிய பகுதிகளையும் பிற நாடுகளிற் கிடைத்த படிகளையும் சேர்த்து 2015இல் அவை மீண்டும் திரைக்கு வந்தன.

தமிழில் பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச் 16இல் வெளிவந்து நூறு நாளைக் கடந்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) 2014இலும், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 2015இலும் அவ்வாறே வந்தன. இம்முயற்சியாளர்க்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் அங்கே ஒரு வினா எழுகிறது. ‘கர்ணன்’ எடுக்கப்பட்ட காலத்தில் தமிழ்ப் படங்கள் ஏறத்தாழச் சதுரமான சட்டத்தில் அமைந்தவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல்தான் வந்தது. பழைய படத்தை இன்றைய அகலத்திரைக்கு ஏற்பச் சமைக்கும்போது ஒவ்வொரு சட்டத்திலும் மேலும் கீழும் ஒரு பகுதி வெட்டுண்ணும். மணிமுடியின் உச்சியோ கையின் முத்திரையோ மறைந்துபோகும். தெளிவு கூடிற்று, பாடம் குறைந்தது.

வண்ணமேற்றுதலும் இத்தகையதே. ‘மொகலே ஆசம்’ (1960) 2004இலும், தெலுங்கு ‘மாயா பஜார்’ (1957) 2010இலும் முழுவண்ணம் பெற்று வந்தன. பார்க்க இனியவையே. ஆனால் கருப்புவெள்ளைக்கென ஒளியமைத்த கலைஞர் நினையாத நிறம் அது. நூற்பதிப்பில் இதனை இடைச்செருகல் என்போம். சில நிறுவனத்தார் சுருளின் இயல்பான மணித்தன்மையை அழுக்கென்று கருதித் துடைக்கின்றனர்; நடிகரின் முகவரியும் அதனோடு துடைபட்டு மெழுகுப் பொம்மையாகிறது. இது ஏட்டின் கறையைத் துடைக்கப்போய் எழுத்தையும் துடைப்பதாகும்.

ஒப்புநோக்கும் கடமை

உ. வே. சாமிநாத ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நல்ல ஏடு ஒன்று கிடைத்ததும் ஏனையவற்றை எறிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவ்வாறே பல ஏடுகளைத் திரட்டினார். சிதைந்த ஏட்டிலும் வேறெங்கும் இல்லாத ஓர் அடி இருத்தல் கூடும் என்பதே காரணம். திரைப்படத்திலும் இது மெய்யாயிற்று. ஜெர்மானியப் படமான ‘மெட்ரோபொலிஸ்’ (1927) வெட்டுண்ட நிலையிலேயே எண்பது ஆண்டு வழங்கிற்று. 2008இல் தொலைதூர அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் தேய்ந்த படியொன்று கிடைத்தது. அதில் இருபது நிமிடத்திற்கு மேற்பட்ட இழந்த காட்சிகள் இருந்தன. கடல்கடந்து சென்ற படி தாயகத்தில் அழிந்ததைக் காத்துத் தந்தது. கடல்கடந்து வந்த தமிழ்ப் படிகள் ஓடிய நாடு நம்முடையது என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும்.

தட்டிலும் இதுவே நிலை. ஒரு படத்தின் மூன்று பதிவுகளை யான் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய வீசிடியில் முழுமையாக இருந்த நகைச்சுவைப் பகுதி டிவிடியில் பாதியாய் நின்றது. டிவிடியில் இருந்த பாடலொன்றின் இரண்டாம் சரணம் பின்வந்த பதிவில் இல்லை. தெளிவில் கடைசித் தட்டே சிறந்தது. நிறைவில் முதல் தட்டே சிறந்தது.

ஆகவே தொகுப்பாளர் செய்யத்தக்கன சில. புதிய தட்டு வாங்கியவுடன் அதன் ஓடும் நேரத்தைப் பழையதனோடு ஒப்பிடுக. நான் முன்னர்க் கூறிய வேக வேற்றுமையையும் கணக்கில் கொள்க. பாடல்களை எண்ணுக. இதற்குத் துணையாவது அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய புத்தகங்களைப் பேணி வருகிறது. நம் முதியோரின் பெட்டிகளிலும் சில இருக்கலாம். படம் இங்கு என்று, எந்த அரங்கில் ஓடியது என்பதை அறியப் பழைய நாளிதழ் விளம்பரங்கள் உதவும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ இவ்வகையில் ஒரு கருவூலம். ஒப்பிட்டு முடிக்கும் வரை பழைய தட்டை எறியற்க. எழுதும் தட்டில் வீட்டிலேயே பதித்தவை அச்சுத் தட்டுகளினும் விரைவில் கெடும். அவற்றை முதலில் படியெடுத்து வைக்க.

இந்நாட்டில் நாமே எடுத்த படங்களுக்கும் இந்நெறி வேண்டும். தோட்ட வாழ்வைக் காட்டிய ‘செம்மண் சாலை’ (2005), 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமெனப் பரிசு பெற்ற ‘ஜகாட்’ (2015) போன்றவற்றின் மூலப் பதிவுகள் இன்று இளமையானவை. ‘காளிதாஸ்’ வெளிவந்த ஆண்டில் அதுவும் அவ்வாறே இருந்தது.

தமிழ்ப்பள்ளிகளில் ஒரு குறிப்பேடு தொடங்கலாம். மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழைய படங்களின் பெயர், ஆண்டு, தட்டின் வகை, ஓடும் நேரம், பாடல்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் அதில் எழுதட்டும். தாத்தா பாட்டியர் அப்படத்தை எந்தத் தோட்டத்தில், எந்த அரங்கில் பார்த்தனர் என்பதை ஆறாவதாகச் சேர்க்கட்டும். அலமாரியில் எந்தத் தட்டு இருக்க வேண்டும், எது போகலாம் என்பதை அக்குறிப்பேட்டைப் பார்த்தபின் முடிவுசெய்யலாம்.